கடலூரில் நாய்க்கும் பூனைக்கும் நல்ல டாக்டரைக் கண்டுபிடிப்பது எப்படி?

கடலூர் செம்மண்டலத்தில் வாடகை வீட்டில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். இரண்டு மாத லாப்ரடார் குட்டி ஒன்றை வாங்கி வந்திருக்கிறார். வீட்டில் ஏற்கெனவே ஒரு கடுவன் பூனை உண்டு. குட்டியை விற்றவர் "தடுப்பூசியை நானே போட்டுவிடுகிறேன், எதுக்கு டாக்டர்?" என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் "எங்க டாக்டர் கைராசிக்காரர், ஒரே ஊசிதான்" என்று ஒருவரைச் சொல்கிறார். மாமனாரோ "அதுக்கெல்லாம் பாண்டிக்குத்தான் போகணும்" என்கிறார். இவர்களில் யாரை நம்புவது, நல்ல டாக்டர் என்று எதை வைத்து முடிவு செய்வது என்பதுதான் கேள்வி.

நான் டாக்டர் இல்லை. புதுச்சேரியில் ஒரு தனியார் கிளினிக்கில் 14 வருடம் நாய் பிடிக்கிற வேலை பார்த்தவள். முனிசிபாலிட்டி வண்டியில் போய்ப் பிடிப்பது இல்லை, மேஜைமேல் ஏற்றிய நாயை டாக்டர் பார்த்து முடிக்கும்வரை அசையாமல் பிடித்துக்கொள்வது. இப்போது தவளக்குப்பத்தில் வீட்டிலேயே, ஊருக்குப் போகிறவர்களின் நாய்களைப் பார்த்துக்கொள்கிறேன். ஒவ்வொரு நாய்க்கும் ஒவ்வொரு டாக்டர் என்பதால், கடலூரிலும் பாண்டியிலும் நான் ஏறி இறங்காத கிளினிக் குறைவு. டாக்டருக்கு அரை அடி தள்ளி நின்றே வயதாகிவிட்டதால் அவர்கள் கையைப் பார்த்தே கொஞ்சம் சொல்ல முடியும். யார் பெயரையும் சொல்லப் போவதில்லை. என்னத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.

முதலில் குட்டியை விற்றவரைக் கழித்துவிடலாம். 1984-ஆம் ஆண்டின் இந்திய கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி, மாநில மன்றத்தில் பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்தான் சிகிச்சை செய்ய வேண்டும். பி.வி.எஸ்சி. & ஏ.எச். என்ற கால்நடை மருத்துவப் பட்டம், பயிற்சிக் காலத்தையும் சேர்த்து, ஐந்தரை வருடப் படிப்பு. மருந்துச் சீட்டிலோ ரப்பர் ஸ்டாம்ப்பிலோ பதிவு எண் இருக்கும். சட்டம் கிடக்கட்டும், அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. தடுப்பூசி மருந்தை 2 டிகிரியிலிருந்து 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும். மே மாத வெயிலில் பைக் டாங்க் கவரில் கிடந்த குப்பியின் வீரியம் குறைந்துபோயிருக்கலாம். அப்படியானால் குட்டிக்கு ஊசி குத்தின வலிதான் மிச்சம், பாதுகாப்பு கிடைத்ததா என்பது சந்தேகம். ஊசி போட்டாச்சு என்று நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள், அதுதான் ஆபத்து. நல்ல இடத்தில் குப்பியை ஃபிரிட்ஜிலிருந்து உங்கள் கண்முன் எடுப்பார்கள், அங்கேயே கலப்பார்கள், குப்பியின் ஸ்டிக்கரை உரித்து அட்டையில் ஒட்டித் தேதி போட்டுக் கையெழுத்திடுவார்கள். ஸ்டிக்கர் இல்லாமல் பேனாவால் மட்டும் "போட்டாச்சு" என்று எழுதிய அட்டையை நான் நம்ப மாட்டேன். எனக்கும் ஊசி போடத் தெரியும். இருந்தும் என் வீட்டு நாய்களுக்குத் தடுப்பூசி என்றால் டாக்டரிடம்தான் தூக்கிக்கொண்டு போகிறேன். ஏனென்றால் ஊசிக்கு முன்னால் குட்டி ஆரோக்கியமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காய்ச்சலில் இருக்கிற குட்டிக்குத் தடுப்பூசி போடக் கூடாது.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். "அவர் மாட்டு டாக்டர் ஆச்சே, நாய் பார்ப்பாரா?" என்று கேட்காத ஆள் கிடையாது. படிப்பு எல்லோருக்கும் ஒன்றுதான். மாடு, ஆடு, கோழி, குதிரை, நாய், பூனை எல்லாவற்றையும் படித்துத்தான் பட்டம் வாங்குகிறார்கள். அப்புறம் எம்.வி.எஸ்சி. என்ற மேற்படிப்பு படித்தவர்கள் அறுவை சிகிச்சை, மருத்துவம், இனப்பெருக்கம் என்று ஒரு துறையில் கூடுதலாகத் தேறியிருப்பார்கள். வித்தியாசம் பழக்கத்தில் வரும். தினமும் பத்து நாய் பார்ப்பவருக்கு நாயின் முனகல் பழகியிருக்கும். நாள் முழுக்கக் கன்றுக்குட்டி இழுப்பவருக்குப் பூனையின் நரம்பைத் தேடக் கொஞ்சம் நேரம் ஆகும். அரசு கால்நடை மருந்தகத்து டாக்டரை இளக்காரமாக நினைக்காதீர்கள். கையில் ஸ்கேன் மெஷின் இல்லாமலேயே, தொட்டும் தட்டியும் மோந்தும் நோயைச் சொல்கிறவர்களை அங்கேதான் பார்த்திருக்கிறேன்.

இப்போது அந்த "ஒரே ஊசி" விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு இதில் சொந்தக் காயம் உண்டு.

கிளினிக் வேலைக்கு வருவதற்கு முன்பு எங்கள் வீட்டில் மணி என்று ஒரு நாட்டு நாய் இருந்தான். ஒரு நாள் சாப்பிடவில்லை, மூலையில் சுருண்டு படுத்தான், உடம்பு கொதித்தது. அப்பா அவனை ஒருவரிடம் கூட்டிப்போனார். அவர் தூரத்தில் நின்றே பார்த்தார், இரண்டு ஊசி போட்டார், அனுப்பிவிட்டார். அன்று சாயங்காலமே மணி எழுந்து சோறு தின்றான். தெருவெல்லாம் அந்த டாக்டரின் கைராசியைப் பேசினோம். நாலாம் நாள் மறுபடி படுத்தான். மறுபடி ஊசி, மறுபடி எழுந்தான். மூன்றாம் தடவை படுத்தபோது மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. அதற்குள் கண்ணும் பல் ஈறும் வெளுத்துப்போயிருந்தன. பிழைக்கவில்லை. கிளினிக்கில் சேர்ந்து இரண்டு வருடம் கழித்துத்தான் அவனுக்கு வந்தது உண்ணிக் காய்ச்சல் என்று எனக்கு விளங்கியது. மேஜைமேல் மணியைப் போலவே ஒரு நாய் படுத்திருந்தது, டாக்டர் அதன் வாயைத் திறந்து ஈறைக் காட்டினார். சிவப்புச் சிவப்பாக ஊசி முனை அளவுக்குப் புள்ளிகள்.

ஒரே ஊசியில் நாய் எழுந்து நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் ஸ்டீராய்டும் காய்ச்சல் மருந்தும்தான். ஸ்டீராய்டு கெட்ட மருந்து இல்லை. தேவைப்படும் இடத்தில் டாக்டர்கள் தெரிந்தே கொடுப்பார்கள். ஆனால் என்ன நோய் என்று பார்க்காமல் போட்டால் பசி வரும், வாலாட்டும், நோய் உள்ளே அதுபாட்டுக்கு வேலையைச் செய்துகொண்டிருக்கும். நம் கடற்கரை ஊர்களில் வருடம் முழுக்க வெக்கையும் ஈரமும் இருப்பதால் உண்ணிக்கு ஓய்வே கிடையாது. சுவர் இடுக்கில், கதவு நிலையின் சந்தில், கட்டில் அடியில் முட்டையிடும், அதுவும் ஆயிரக்கணக்கில். அதனால் இங்கே காய்ச்சலோடு சாப்பிடாமல் படுக்கிற நாய் என்றால் டாக்டருக்கு முதலில் வர வேண்டிய சந்தேகமே உண்ணிக் காய்ச்சல்தான்.

சரி, நல்ல டாக்டர் அப்போது என்ன செய்கிறார்? காது நுனியிலோ காலிலோ ரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தீற்றிப் பார்க்கிறார், அல்லது லேபுக்கு அனுப்புகிறார். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் எவ்வளவு, ரத்தம் எவ்வளவு என்று எண்ணுகிறார். உண்ணி பரப்பும் கிருமிகளில் எர்லிக்கியாவா, பபேசியாவா என்று பிரிக்கிறார், ஏனென்றால் இரண்டுக்கும் மருந்து வேறு. எர்லிக்கியா என்றால் பெரும்பாலும் டாக்ஸிசைக்ளின், ஏறக்குறைய நாலு வாரம். ஐந்தாம் நாளே நாய் குதிக்க ஆரம்பித்துவிடும், நாமும் மாத்திரையை நிறுத்திவிடுவோம். "28 நாளைக்கு முன்னாடி நிறுத்தினீங்கன்னா என்கிட்ட வராதீங்க" என்று அதட்டுகிற டாக்டர் ஒருவரை எனக்குத் தெரியும். அவரைக் கோபக்காரர் என்பார்கள். நான் அவரிடம்தான் போகிறேன்.

ஆகவே முதல் தடவை போகும்போது ஊசியை எதிர்பார்க்காதீர்கள், அதற்கு முன்னால் நடப்பதைக் கவனியுங்கள். எடை பார்க்கிறார்களா? நாய்க்கு மருந்து எல்லாமே கிலோ கணக்குத்தான். கண் மதிப்பில் "ஒரு முப்பது கிலோ இருக்கும்" என்று போடுவது வளர்ந்த லாப்ரடாருக்கு ஒருவேளை ஒத்துவரும், மூன்று கிலோ குட்டிக்கு ஒரு கிலோ பிசகினாலும் மூன்றில் ஒரு பங்கு மருந்து கூடிவிடும். தெர்மாமீட்டர் வைக்கிறாரா? நாயின் சாதாரண உடல் சூடே ஏறக்குறைய 101-லிருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நம் கையை வைத்தால் எல்லா நாயும் காய்ச்சல் நாய்தான். ஈறை விரலால் அழுத்திவிட்டு, வெளுத்த இடம் திரும்பச் சிவக்க எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கிறாரா? ஒன்றிரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். காது, கழுத்து நெறி, வயிறு, தோல், நகம் வரை கை போகிறதா?

கை வேலை செய்யும்போதே வாய் கேள்வி கேட்க வேண்டும். என்ன சாப்பாடு, யார் போடுகிறார்கள், எத்தனை தடவை வாந்தி, என்ன நிறம், கடைசியாக எப்போது மூத்திரம் போனது, தெருவில் அவிழ்த்து விடுவீர்களா, வீட்டில் எலி மருந்து வைத்திருக்கிறீர்களா. நான் வேலை பார்த்த டாக்டர் ஒரு நாய்க்காரரிடம் "வீட்ல பெயிண்ட் அடிச்சீங்களா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடித்திருந்தார்கள், நாய் டின்னை நக்கியிருந்தது. மிருகத்துக்கு வாய் கிடையாது, டாக்டர்தான் அதற்கும் சேர்த்துக் கேட்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் முடித்து அனுப்புகிறவர் எவ்வளவு பெரிய கெட்டிக்காரராக இருந்தாலும் என் பட்டியலில் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அப்படி நடந்தால் மட்டும் மன்னித்துவிடுங்கள். அதனால்தான் முதல் தடவை ஒரு வார நாளில், கூட்டமில்லாத நேரத்தில் போங்கள் என்கிறேன்.

இதில் நம் பக்கத்துத் தப்பும் உண்டு. "இவ்வளவு தூரம் வந்திருக்கோம், ஒரு ஊசியாவது போடுங்க டாக்டர்" என்று கெஞ்சுகிறவர்களை நான் தினமும் பார்த்தேன். ஊசி போடாமல் "இன்னைக்கு சோறு வேணாம், தண்ணி மட்டும் கொடுங்க, நாளைக்குக் கூட்டிவாங்க" என்று சொன்னால் பீஸ் கொடுக்க மனசு வராது. அடுத்த தடவை ஊசி போடுகிற டாக்டரைத் தேடிப் போய்விடுவார்கள். இப்படியே பத்து பேர் போனால் நல்ல டாக்டரும் சத்து ஊசி ஒன்றைக் குத்திவிட்டு அனுப்பப் பழகிக்கொள்கிறார். ஊசி போடாமல் திருப்பி அனுப்பத் துணிகிறவருக்குப் பீஸை முழுதாகக் கொடுங்கள்.

இடம் பளபளப்பாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஏசி, கண்ணாடிக் கதவு, நாய் ஷாம்பு அலமாரி எல்லாம் எனக்குப் பொருட்டில்லை. ஒரு நாய் இறங்கி அடுத்த நாய் ஏறுவதற்குள் மேஜையைத் துடைக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். உங்கள் குட்டிக்கு இப்போது இரண்டு மாதம். குட்டிகளுக்கு ரத்தபேதியைக் கொண்டுவரும் பார்வோ வைரஸ் தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், சாதாரண சோப்புத் தண்ணீருக்கு அசையாது, பிளீச்சிங் கரைசல் வேண்டும். ரத்தபேதியோடு வந்த குட்டியை எல்லா நாய்களோடும் ஒரே பெஞ்சில் உட்கார வைக்கிற இடமா, தனியாக வைக்கிற இடமா என்று கவனியுங்கள். எந்த இடமானாலும் தடுப்பூசிகள் முடியும்வரை குட்டியைத் தரையில் விடாதீர்கள், மடியிலேயே இருக்கட்டும். சில்வர் பீச்சுக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுக்கும் ஆசையையும் கொஞ்ச நாள் தள்ளிவையுங்கள். முதல் ஊசி ஆறிலிருந்து எட்டு வாரத்தில், பிறகு மூன்று நாலு வாரத்துக்கு ஒன்று என்று 16 வாரம் வரை போகும். வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதம் முடிந்ததும் வரும். உங்கள் டாக்டர் தேதிகளைக் கொஞ்சம் முன்னே பின்னே மாற்றினால் காரணம் கேளுங்கள், சொல்லுவார்.

வெறிநோய் ஊசிக்கு மட்டும் காசு இல்லை என்று யாரும் தள்ளிப்போட வேண்டியதில்லை. ஜூலை 6-ஆம் தேதியையும் செப்டம்பர் 28-ஆம் தேதியையும் ஒட்டிப் பல அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவச முகாம் போடுவார்கள். 1885 ஜூலை 6 அன்றுதான் லூயி பாஸ்டர் நாய் கடித்த ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக வெறிநோய்த் தடுப்பு மருந்தைச் செலுத்தினார், செப்டம்பர் 28 அவர் இறந்த நாள். பிரெஞ்சுக்காரர் பெயரில் தெரு இருக்கிற பாண்டியில்கூட இதைச் சொன்னால் ஆச்சரியமாகத்தான் கேட்கிறார்கள்.

பூனையை மறந்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்கிறேன், எல்லோரும் அப்படித்தான். பூனை சின்ன நாய் இல்லை. இதைத் தெரிந்த டாக்டரா என்று கண்டுபிடிக்க ஒரு வழி: பூனைக்குக் காய்ச்சல் என்றால் பாராசிட்டமால் கொடுக்கலாமா என்று சும்மா கேட்டுப் பாருங்கள். "ஐயோ, கூடவே கூடாது" என்று பதறினால் நல்லது. மனிதருக்கான ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும். நாய் உண்ணிக்குக் கழுத்தில் விடும் சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் சேர்ந்தவை பூனைக்கு விஷம். உங்கள் வீட்டில் இரண்டும் இருப்பதால், குட்டிக்கு உண்ணி மருந்து எழுதும்போது டாக்டர் தானாகவே "வீட்ல பூனை இருக்கா?" என்று கேட்டால் அவரை விடாதீர்கள். உங்களுடையது கடுவன் என்பதால் இன்னொன்று. மண் தொட்டியில் போய்ப் போய் உட்கார்ந்து, முக்கி, ஒரு சொட்டும் வராமல் எழுந்து வந்தால் அது மலச்சிக்கல் இல்லை, மூத்திரக்குழாய் அடைப்பு. இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். காலையில் பார்க்கலாம் என்று விடுகிற நோய் இல்லை அது. டாக்டரைத் தேர்ந்தெடுக்கும்போதே "கடுவனுக்கு அடைப்பு வந்தா டியூப் போடுவீங்களா?" என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பூனையைக் கட்டைப்பையில் போட்டுத் தலையை மட்டும் வெளியே விட்டு ஆட்டோவில் கொண்டுவராதீர்கள். எத்தனை பூனைகள் கிளினிக் வாசலில் பாய்ந்து ஓடிப் போயிருக்கின்றன தெரியுமா? மூடியுள்ள கூடை போதும். மேல்மூடி திறக்கிற கூடையாக இருந்தால் பூனையை அதிலேயே வைத்துப் பார்க்கலாம். வால் பிடித்து இழுக்காமல், கூடைக்குள்ளேயே கையை விட்டுத் தொட்டுப் பார்க்கிற டாக்டர் கிடைத்தால் கொண்டாடுங்கள். பினாயில் நெடி மூக்கைத் துளைக்கிற இடமும் பூனைக்கு ஆகாது, நம் வீட்டுத் தரைக்கும் இதே கதைதான்.

நாயின் வாயைத் துணியால் கட்டினால் கோபப்படாதீர்கள். என் வலது கட்டைவிரலில் மூன்று தையல் இருக்கிறது, "எங்க டாமி கடிக்கவே மாட்டான்" என்று சொன்ன ஒரு அம்மாவின் டாமி போட்டது. வாய்க்கட்டு கொடுமை இல்லை. அடிப்பதும் கத்துவதும்தான் கொடுமை. வலியில் இருக்கிற நாயை உதவியாளர் எப்படிப் பிடிக்கிறார் என்று பாருங்கள், டாக்டரின் குணம் அங்கே தெரிந்துவிடும்.

மருந்துப் பொட்டலம் பற்றி ஒரு வார்த்தை. பெயர் இல்லாமல் காகிதத்தில் மடித்து "காலை ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்று கொடுத்தால் வாங்காதீர்கள். என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள், போட்ட ஊசி என்ன, எல்லாம் எழுத்தில் வேண்டும். நாளைக்கு வேறு டாக்டரிடம் ஓட வேண்டி வந்தால் அவர் கேட்கிற முதல் கேள்வி "முன்னாடி என்ன போட்டாங்க?" என்பதுதான். அதற்குப் பதில் இல்லாமல் விழித்து நின்றவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

காசு விஷயத்தில் வெட்கப்படாதீர்கள். "என்கிட்ட இவ்வளவுதான் இருக்கு டாக்டர், இதுக்குள்ள எது முக்கியம்?" என்று கேளுங்கள். நல்ல டாக்டர் முகம் மாற மாட்டார், இந்தப் பரிசோதனை இன்றைக்கு, அது அடுத்த வாரம், அது வேண்டவே வேண்டாம் என்று பிரித்துக் கொடுப்பார். அறுவை சிகிச்சை என்றால் மட்டும் கொஞ்சம் துருவிக் கேளுங்கள்: முன்னதாக ரத்தப் பரிசோதனை உண்டா, எத்தனை மணி நேரம் வெறும் வயிறு, மயக்கத்தில் இருக்கும்போது மூச்சையும் துடிப்பையும் பார்க்கத் தனியாக ஓர் ஆள் உண்டா, வலிக்கு என்ன மருந்து, கண்விழிக்கும்வரை யார் பக்கத்தில் இருப்பார்கள். சிப்பிப்பாறை, கன்னி மாதிரி ஒல்லியான வேட்டைநாய் வைத்திருப்பவர்கள் மயக்க மருந்து பற்றித் தனியாகக் கேட்க வேண்டும். கிரேஹவுண்ட் வகை நாய்களுக்கு உடம்பில் கொழுப்பு குறைவு, சில மயக்க மருந்துகளிலிருந்து தெளிய நேரமாகும். பெண் நாய்க்குக் கருத்தடை என்றாலே பணம் பறிக்கிறார்கள் என்று நினைக்கிறவர்கள், கருத்தடை செய்யாமல் விட்டு, கர்ப்பப்பையில் சீழ் கட்டிய நாயை ஒரு தடவை பார்த்தால் அப்படிப் பேச மாட்டார்கள்.

ராத்திரி விஷயம் முக்கியம். நம் பக்கத்தில் பெரும்பாலான தனியார் கிளினிக்குகளில் ஒரே ஒரு டாக்டர்தான், அவரும் தூங்க வேண்டும். அதனால் "24 மணி நேரமும் வருவீங்களா?" என்று கேட்காதீர்கள். "நீங்க இல்லாத நேரத்துல யார்கிட்ட போகணும்?" என்று கேளுங்கள். ஒரு பெயரும் நம்பரும் சொல்கிறவர் பொறுப்பானவர். பாம்பு விஷமுறிவு மருந்து எங்கே கிடைக்கும் என்பதையும் இப்போதே கேட்டு வையுங்கள். செம்மண்டலம் ஒன்றும் காடு இல்லை என்பீர்கள். பெண்ணையாறும் கெடிலமும் நிறைந்து ஓடுகிற மழைக்காலத்தில் பாம்புக்கு அது தெரியாது. அதே வெள்ளத் தண்ணீரில் எலி மூத்திரம் வழியாக லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக்காய்ச்சல் பரவும், நாய்க்கு வந்தால் நமக்கும் வரலாம். நாய்த் தடுப்பூசியிலேயே அதற்கும் சேர்த்துப் போடும் வகை உண்டு, டாக்டரிடம் கேளுங்கள். 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் வரும் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி முக்கியமாக ஆடு மாடுகளுக்காக வந்தது. அதையே நம்பி நாய்க்காக வீட்டில் காத்திருக்க வேண்டாம்.

மாமனார் சொன்ன பாண்டி? அவர் சொன்னதில் பாதி சரி. குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 1994-இல் தொடங்கியது. கல்லூரி மருத்துவமனை என்பதால் துறைவாரியாக ஆசிரியர்கள் இருப்பார்கள், கையோடு பரிசோதனை வசதியும் உண்டு. காத்திருக்க வேண்டும், மாணவர்கள் எட்டுப் பேர் சூழ்ந்துகொண்டு ஒரே நாயின் இதயத்தை மாறி மாறிக் கேட்பார்கள். எனக்கு அது பிடிக்கும், எட்டுப் பேர் கேட்டால் ஒருவர் காதிலாவது விழும். காலையிலேயே போய்விடுங்கள். ஆனால் பேதியாகிற குட்டியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு தடவையும் கடலூரிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல் ஓடுவது நடக்கிற காரியம் இல்லை. உங்களுக்கு வேண்டியது பத்து நிமிடத் தூரத்தில் ஒருவர், அவர் கைவிரித்தால் போவதற்குப் பெரிய இடம் ஒன்று. அந்தப் பெரிய இடம் குரும்பாபேட்டாக இருக்கலாம், அதற்கும் மேலே போனால் 1903-இல் தொடங்கிய சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி.

பக்கத்து டாக்டரிடம் நான் எல்லாவற்றுக்கும் மேலாகப் பார்ப்பது, "இது என் கைக்கு மிஞ்சினது, அங்க கொண்டுபோங்க" என்று நேரத்தோடு சொல்கிறாரா என்பதை. மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றிவிட்டு நாலாம் நாள் சொன்னால் பயனில்லை. முதல் நாளே சொல்லி, தன் கையால் ஒரு கடிதமும் எழுதிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். மணிக்கு ஊசி போட்டவர் இரண்டாம் தடவையிலாவது அப்படிச் சொல்லியிருந்தால் அப்பா எப்பாடு பட்டாவது கொண்டுபோயிருப்பார்.

அக்கம்பக்கத்தில் விசாரிக்கும்போது "நல்ல டாக்டரா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்பார்கள். நாயைப் பறிகொடுத்தவர்களைத் தேடிப்பிடித்து, கடைசி நாளில் அந்த டாக்டர் என்ன சொன்னார், எப்படி நடந்துகொண்டார் என்று கேளுங்கள். "காப்பாத்த முடியல, ஆனா அவர்கிட்டதான் அடுத்த குட்டியையும் காட்டுறோம்" என்று ஒருவர் சொன்னால் அந்த முகவரியை எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த வாரமே ஒருவரிடம் போய்வாருங்கள், தம்பி, குட்டி நன்றாக இருக்கும்போதே. போகிற அன்று காலையில் குட்டி போன மலத்தைக் கொஞ்சம் ஒரு சின்ன டப்பாவில் மூடி எடுத்துப்போங்கள், இந்த வயதுக் குட்டிக்கு வயிற்றில் பூச்சி இல்லாமல் இருக்காது. வாங்கி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கிறாரா, அல்லது முகத்தைச் சுளித்துக் குப்பைக்கூடையைக் காட்டுகிறாரா என்று பாருங்கள். கூடையைக் காட்டினால் பூச்சி மருந்தை வாங்கிக்கொண்டு, அடுத்த வாரம் வேறு ஒருவரைப் போய்ப் பாருங்கள்.